கல்லின் பாதையும் என் பிறந்த நேரமும்

வானத்திலிருந்து ஒரு கல் எங்கள் தலையில் விழப்போகிறது என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னவர்கள் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். 2025ஆம் ஆண்டு தொடங்கிய கையோடு ஒருநாள் அமிலமும் காரமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முன்வரிசை வாங்கில் இருந்தவள் எழும்பி, "ரீச்சர், 2032இலை கல்லு விழுமாம். பேந்து ஏன் நாங்கள் உதுகளைப் பாடமாக்குவான்?" என்று கேட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. "மார்கழியிலைதானாம் விழும். உன்ரை சோதினை அதுக்கு முதலே வந்திடும். இருந்து எழுது" என்றேன்.

நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீடு மருதனார்மடத்துக்குக் கிட்ட. நானும் அம்மாவும்தான். அப்பா இறந்து சில வருடங்கள். எனக்கு அப்போது முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது, கலியாணம் ஆகவில்லை. என்னைப் பற்றி ஊர் கதைப்பதற்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. நான் நல்லாகப் படிப்பிக்கிறேன் என்பதையோ, எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதையோ யாரும் அவ்வளவு பெரிதாக எடுப்பதில்லை.

பிள்ளைகள் சொன்னது பொய்யில்லை. முந்தின வருடக் கடைசியில் கண்டுபிடித்த கல் அது. அது பூமிக்குக் கிட்ட வந்து, தாண்டி, திரும்பிப் போகும்போதுதான் கண்டிருக்கிறார்கள். வந்த விருந்தாளி படலையைச் சாத்திக்கொண்டு போகும் சத்தத்தில் எழும்பின மாதிரி. ஒரு பெரிய கோயிலின் கோபுரத்தைச் சரித்துப் படுக்கப் போட்டால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு நீளம். தட்டையான உருவம், இருபது நிமிடத்துக்குள் தன்னைத் தானே ஒருதரம் சுற்றிக்கொள்கிறது. சூரியனைச் சுற்றிவர நான்கு வருடம் எடுக்கிறது. அதன் பாதை வட்டமில்லை, நீண்டுபோன முட்டை மாதிரி. ஒரு முனை பூமியின் பாதைக்கு உள்ளே வருகிறது. மற்ற முனை செவ்வாயைத் தாண்டி வியாழன் பக்கமாகப் போய்த் திரும்புகிறது.

கொம்பாஸ் எடுத்துக் கடதாசியில் கீறினால் அதன் பாதை எங்கள் பாதையை வெட்டும். பிள்ளைகளுக்கு அந்தக் கீறல்தான் பயம். கோண்டாவிலில் ரெயில் பாதையும் றோட்டும் நெடுகத்தான், எந்த நேரமும்தான் வெட்டுகின்றன, அதற்காக நெடுகவா மோதல், இரண்டும் ஒரே நேரத்தில் அந்த இடத்துக்கு வந்தால்தானே என்று சொன்னேன். அதுதான் கேள்வி ரீச்சர், ஒரே நேரத்தில் வருமா வராதா என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள். அது உலகத்தில் யாருக்கும் அப்போது தெரியாது. நூற்றுக்கு ஒன்று என்றார்கள். பிறகு இரண்டு என்றார்கள். கல் விழக்கூடிய இடங்களை ஒரு நீண்ட கோடாகப் பேப்பரில் போட்டார்கள். அது ஆபிரிக்காவையும் அரபிக் கடலையும் தாண்டி இந்தியாப் பக்கம் வந்து முடிந்தது. யூரியூப்பில் ஒருவர் அந்தக் கோட்டைத் தன் கைப்பட நீட்டி யாழ்ப்பாணம் வரை கொண்டுவந்து விட்டார்.

வட்டுக்கோட்டையில் ஒரு கணித ஆசிரியர் சனிக்கிழமைக் காலைகளில் காசு வாங்காமல் வானியல் வகுப்பு எடுக்கிறார் என்று பிள்ளைகள் அறிந்து வந்தார்கள். "வாங்கோ ரீச்சர், வாங்கோ ரீச்சர்" என்று நச்சரித்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தகரம் போட்ட ரியூசன் கொட்டில். முப்பத்துமூன்று வயது இருக்கும் அவருக்கு. சேட்டுக் கையெல்லாம் வெண்கட்டித் தூள். அன்றைக்கு அந்த நூற்றுக்கு இரண்டு மூன்றை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. எண் ஏறுவது கெட்ட செய்தி இல்லை என்று அவர் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தார். கரும்பலகையில் நீள்வட்டங்களைக் கீறக் கீறப் பிள்ளைகளின் முகம் இன்னும் கறுத்தது.

பின்வரிசை வாங்கில் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், நான் ஒண்டு சொல்லட்டோ?" என்று எழும்பினேன். "பிள்ளையள், வளவுக்கை உங்கடை தோடு ஒண்டு விழுந்திட்டுது. கிணத்துக்கை விழுந்திருக்குமோ எண்டு உங்களுக்குப் பயம். முற்றம் முழுக்கத் தேடுறியள், இல்லை. அடுக்களையிலை தேடுறியள், இல்லை. தேடின இடமெல்லாம் கழியக் கழியக் கிணத்துக்கை விழுந்திருக்கும் எண்ட பயம் ஏறுமோ இல்லையோ? தோடு அசையேல்லை. தேடுற இடம்தான் குறைஞ்சது. கடைசியிலை பாயைத் தூக்கினால் தோடு கிடக்கும். அந்த நிமிசமே கிணத்துப் பயம் பூச்சியம்" என்றேன்.

பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "ஓ… அப்பிடியே?" என்று இழுத்தாள். அவர் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "ரீச்சர், இனி நீங்களே படிப்பியுங்கோ. நான் பின்னுக்குப் போய் இருக்கிறன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் என்னை யாரும் நச்சரிக்கத் தேவை இருக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கணினியில் வானத்தின் படங்களைப் பார்ப்போம். எங்கேயோ ஒரு பெரிய தொலைநோக்கி எடுத்த படங்கள். வானத்தின் ஒரே துண்டை அடுத்தடுத்து எடுத்திருப்பார்கள். அவற்றை மாறி மாறிக் காட்டும்போது நட்சத்திரங்கள் எல்லாம் அப்படியே நிற்கும். நகருகிற புள்ளி ஏதும் இருந்தால் அதுதான் கல். கண் பூத்துப்போகும் வேலை. பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் பக்கத்தில் இருந்து ஒரே புள்ளியை இரண்டு பேர் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. நான் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போவேன். அவர் பனங்கட்டி கொண்டு வருவார்.

நூற்றுக்கு இவ்வளவு என்ற அந்தக் கணக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் அந்த நாட்களில்தான் அவரிடம் கேட்டேன். "கல்லு எங்கை நிக்குது எண்டு சரியாத் தெரியாது. அதாலை ஒரு கல்லுக்குப் பதிலா ஆயிரக்கணக்கான கல்லுகளை வைச்சுப் பாக்கிறது. ஒண்டு கொஞ்சம் முன்னுக்கு, ஒண்டு கொஞ்சம் பின்னுக்கு, ஒண்டு கொஞ்சம் வேகம் கூட. எல்லாத்தையும் கணினியிலை ஓடவிட்டு, எத்தினை வந்து பூமியிலை முட்டுது எண்டு எண்ணுறது. அவ்வளவுதான்" என்றார்.

"ஆனால் உண்மையிலை கல்லு ஒண்டுதானே?"

"ஓம். ஒண்டுதான். அதுக்குத் தன்ரை பாதையிலை ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகம் எல்லாம் எங்களுக்குத்தான்."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த வசனத்தில்தான் என்று நினைக்கிறேன். அல்லது அதற்கு முதலே, வெண்கட்டியைக் கீழே வைத்தபோதே. அந்த மாதங்களில் பொழுதுபடும் நேரம் செவ்வாய்க் கிரகம் சிவப்பாக, நல்ல பிரகாசமாக நின்றது. ஒருநாள் பின்னேரம் பிள்ளைகளை வரச்சொல்லி, கொட்டிலுக்கு வெளியே நின்று காட்டினார். "உந்தா நிக்குதே, உதுக்குத்தான் எங்கடை சனம் பயந்து சாகுது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மாசி மாதக் கடைசியில் அந்த எண் மளமளவென்று இறங்கிப் பூச்சியம் ஆனது. பாயைத் தூக்கிவிட்டார்கள், தோடு கிடைத்துவிட்டது. கல் எங்களைத் தொடாமல் போகும். பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம், இனிச் சோதனை எழுதத்தான் வேண்டும். நான் வடை வாங்கிக்கொண்டு போனேன். எல்லோரும் தின்று முடித்துச் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "உங்கடை வீட்டிலை ஆரோடை கதைக்கோணும்?" என்று கேட்டார்.

"என்னத்தைப் பற்றி?" என்றேன். தெரியாமல் கேட்கவில்லை. அவர் வாயால் கேட்கவேண்டும் போல் இருந்தது.

"எங்களைப் பற்றி" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு எந்த வழியால் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் முதல் கதை சாதகம். நாங்கள் இரண்டு பேரும் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. பெரியாட்கள் ஆசைக்குப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் கதைத்துக்கொண்டோம். என் சாதகத்தின் கதையை அவருக்குச் சொல்லிச் சிரித்ததும் நான்தான்.

நான் பிறந்தது, யுத்தத்துக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இடப்பெயர்வில். 1995, ஐப்பசி மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க முடியாமல் சனம் றோட்டில் இறுகி நின்றது. அம்மா நிறைமாதம். எப்படியோ கைதடி வரை வந்து, சனம் நிரம்பிய ஒரு பள்ளிக்கூடத்தின் மூலையில், முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, என்னைப் பெற்றார். இருட்டினாப் பிறகு. விடியிறதுக்கு முன்னம். அவ்வளவுதான் அம்மாவுக்குத் தெரியும். சில மாதங்கள் கழித்துச் சாதகம் எழுத ஒருவரிடம் போனபோது, பிறந்த நேரம் என்ன என்று அவர் கேட்டிருக்கிறார். அப்பா யோசித்துவிட்டு, "ஏழரை எண்டு போடுங்கோ" என்றிருக்கிறார். ஏன் ஏழரை என்று அம்மா பிறகு கேட்டதற்கு, "அந்தாளும் காத்துக்கொண்டிருக்குது, என்னத்தையாவது சொல்லத்தானே வேணும்" என்றாராம். அப்பா எப்போதும் அப்படித்தான். அவருடைய அந்த ஒரு சொல்லில் என் பன்னிரண்டு கட்டங்களும் நிரம்பிவிட்டன.

ஏழரை மணி என்றால் எனக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய். கட்டினவனுக்கு ஆகாது. இதைப் பார்த்த சாத்திரியார் ஒருவர், செவ்வாய் தன் சொந்த வீட்டில் ஆட்சியாக இருப்பதால் தோசமே இல்லை என்றார். இன்னொருவர், சொந்த வீட்டில் இருப்பதால்தான் அதற்கு வலு அதிகம் என்றார். ஆனால் ஒரு விசயத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். ஒன்பது மணிக்குப் பிறகு, நடுச்சாமத்துக்குள் பிறந்திருந்தால் கட்டமே மாறிவிடும், செவ்வாயால் ஒரு தொல்லையும் இல்லை; விடியப்புறத்துக் கட்டங்களில்தான் அது திரும்பவும் வரும். எல்லாம் அந்த ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் கிடந்தது.

அவருடைய அம்மா இதைக் கேட்டு என்ன நினைப்பார் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஏனென்றால் அந்த அம்மாவும் சாதகத்தில் செவ்வாயோடு வாழ்ந்து அடிபட்டவர். கலியாணம் கட்டி மூன்று வருடத்தில், மகன் தவழும் வயதில், புருசன் ஷெல் விழுந்து செத்துப்போனார். இவளின் செவ்வாய்தான் தின்றது என்று சொந்தக்காரரே சொன்னார்களாம். இதையெல்லாம் மகன்தான் எனக்குச் சொன்னார், புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, குரலை ஏற்றாமல் இறக்காமல்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்தின கிழமை அவரும் அவருடைய அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு முதல்நாளே பெரியம்மா வந்து அம்மாவைப் பிடித்து வைத்துப் பாடம் எடுத்தார். "அவ கேட்டால் பத்து மணி எண்டு சொல்லு. தாய் நீ, நீ சொன்னால் சொன்னதுதான். ஆர் உன்னை மறிச்சுக் கேக்கப்போகினம்? பத்து மணி. வேறை ஒண்டும் கதையாதை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவும் தலையாட்டினார். நானும் பேசாமல் இருந்தேன். பொய் என்று எனக்குப் படவில்லை. ஏழரையும் யாரோ சொன்ன நேரம்தானே.

அவருடைய அம்மா மெலிந்த, வெள்ளைச் சேலை கட்டிய மனுசி. தேத்தண்ணியை ஆற்றிக் குடித்தார். என்னைப் பார்த்து இரண்டு தரம் சிரித்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "பிள்ளை பிறந்தது எத்தினை மணிக்கு அக்கா?" என்று கேட்டார்.

நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து மணி. இரண்டே இரண்டு சொல்.

அம்மா வெறும் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு, "தெரியாது தங்கச்சி" என்றார். "மழை. ஒரே சனம். ஒரு கிழவர் எனக்குப் பக்கத்திலை செத்துப்போய்க் கிடந்தார், அவரைத் தூக்க ஆளில்லை. பிள்ளை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் நான் கண்ணைத் திறந்தனான். நேரம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சால் சொல்லமாட்டனோ?" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அவருடைய அம்மா எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அவரும் அழுதார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சரி, காரியம் ஒப்பேறிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர், "அம்மாவுக்கு மனமில்லை" என்றார்.

"ஏன்?"

"நேரம் தெரியாதாம். பயப்பிடுறா."

"உங்களுக்கு?"

"என்னை வளத்தவ அவ. அவவின்ரை மனசை முறிச்சுப்போட்டு நான் என்னண்டு…" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். அவரின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன்.

நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. ஏன் ரீச்சர் வாறியள் இல்லை என்று பிள்ளைகள் கேட்டபோது, விடைத்தாள் திருத்த இருக்கிறது என்றேன். விடைத்தாளும் இருந்தது. அதன்மேல் இரண்டு தரம் கண்ணீர் விழுந்து ஒருத்தியின் விடை அழிந்து, அவளுக்கு முழுப் புள்ளியும் போட்டேன்.

அந்தக் கல்லும் அதே மாதங்களில் மங்கிக்கொண்டு போனது. சூரியனை விட்டுத் தூரப்போகப் போக, உலகத்தின் பெரிய தொலைநோக்கிகளுக்கும் அது தெரியாமல் போய்விட்டது. இனி 2028இல்தான் பூமிப் பக்கம் திரும்பி வரும். எனக்கு அது தொடாமல் போன கோபம்கூட இருந்தது. கல்லின் கணக்கை உலகம் முழுக்கப் பேப்பரில் போட்டார்கள், நூற்றுக்கு மூன்று என்றார்கள், சனம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாசித்தது. ஒரு ஊரையே அழிக்கக்கூடிய கல்லுக்குக் கிடைத்த பொறுமை எனக்குக் கிடைக்கவில்லை.

கோபம் முழுவதையும் அந்த வெள்ளைச் சேலை மனுசி மேல் போட்டேன். என் அம்மாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போய், வீட்டில் முடியாது என்று சொன்ன மனுசி. தான் பட்ட சொல்லைத் திருப்பி என் தலையில் போட்ட மனுசி. காலையில் பல் தீட்டும்போது திட்டுவேன், சோறு வடிக்கும்போது திட்டுவேன். அவரை மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. பாவம், தாய்க்கும் எனக்கும் நடுவில் கிடந்து அந்தரப்படுகிறார் என்று அவருக்காக இரங்கிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி வந்தது. எனக்கு முப்பது முடிந்தது. அதற்கு அடுத்த கிழமை, மழை விட்டிருந்த ஒரு காலை, மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து யாரோ என் கையைப் பிடித்தார்கள். அவருடைய அம்மா. வெள்ளைச் சேலையின் கரையெல்லாம் சேறு. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "ஏன் பிள்ளை வேண்டாமெண்டனி?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. "ஆர் வேண்டாமெண்டது?"

"நீதான். அவன் சொன்னவன், நேரத்தைப் பற்றிக் கேட்டது உனக்குப் பிடிக்கேல்லையாம், இனி இந்தக் கதையே வேண்டாமெண்டு நீ சொல்லிப்போட்டியாம்."

"அம்மா, உங்களுக்கு மனமில்லையெண்டு எனக்குச் சொன்னவர்" என்றேன். கையில் இருந்த கத்தரிக்காயைத் திரும்பக் குவியலில் போட்டேன்.

அவர் கையில் இருந்த பையை நிலத்தில் வைத்தார். சுற்றிலும் சனம் விலை பேசிக்கொண்டிருந்தது. "நானோ?" என்றார். "எனக்கோ மனமில்லை? பிள்ளை, என்ரை மனுசனுக்கு ஷெல் விழுந்தது. ஷெல் அடிச்சவனை ஒருத்தரும் கேக்கேல்லை. என்ரை செவ்வாயைத்தான் கேட்டவை. அந்தச் சொல்லை நான் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லுவனோ? உங்கடை வீட்டாலை வந்த அடுத்தநாளே அம்மன் கோயிலிலை பூக்கட்டிப் பாத்தனான். வெள்ளைப் பூவும் சிவத்தப் பூவும் பொட்டலமாக் கட்டி, ஒரு குழந்தையைக் கொண்டு எடுப்பிச்சனான். வெள்ளைதான் வந்தது. அம்மாளே உத்தரவு தந்திட்டா, கட்டுவம் எண்டுதான் நான் அவனுக்குச் சொன்னனான்."

"பேந்து?"

"அவன் எழும்பி அறைக்குப் போட்டான். நாலைஞ்சு நாளா அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னாலையே இருந்தான். என்னடா செய்யிறாய் எண்டு கேட்டன். உன்ரை பிறந்த நேரத்தைப் பாக்கிறானாம். இருட்டினதிலை இருந்து விடியுமட்டும் ஒவ்வொரு நிமிசமாப் போட்டு, ஒவ்வொண்டுக்கும் சாதகம் எடுத்து, எத்தினையிலை செவ்வாய்த் தோசம் விழுதெண்டு எண்ணுறானாம். எனக்கு உதெல்லாம் விளங்காது பிள்ளை. பாதிக்குக் கிட்ட வருது அம்மா எண்டு மட்டும் சொன்னவன். பேந்து சோறும் தின்னேல்லை."

நான் அந்தக் கத்தரிக்காய்க் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு விளங்கியது. இந்த உலகத்தில் எனக்கு விளங்கின அளவுக்கு வேறு யாருக்கும் அது விளங்காது. ஒரு கல்லுக்குப் பதில் ஆயிரம் கல். ஒரு பிள்ளைக்குப் பதில் ஓர் இரவு முழுக்கப் பிறந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள். அத்தனை பேரையும் வரிசையாக ஓடவிட்டு, அதில் எத்தனை பேர் தன்னைக் கொல்லக்கூடும் என்று எண்ணியிருக்கிறார். கணக்கில் பிழை இருந்திருக்காது. அவர் கணக்கில் பிழை விடுவதில்லை. செவ்வாயைக் கையால் காட்டிச் சிரித்த மனுசன், சாத்திரியாரை நம்பாமல், தானே இருந்து எண்ணிப் பார்த்துப் பயந்திருக்கிறார். தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு எங்கோ உள்ளே அந்தப் பயம் கிடந்திருக்கிறது. அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை. நான் வாய்க்காரிதான், ஆனால் அதற்கு நான் சிரித்திருக்க மாட்டேன்.

அவருடைய அம்மாவை நான் வெறுத்த மாதங்கள் எல்லாம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கின்றன என்று அங்கேதான் தெரிந்தது. அவரை வெறுத்ததால்தான் மகனை விடாமல் வைத்திருக்க முடிந்தது. இப்போது வெறுக்க ஆளில்லை. மகனை வெறுக்கலாம் என்றால், எனக்கு அது இன்னும் வரவில்லை.

"இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டேன். கேட்காமல் வந்திருக்கலாம்.

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "தையிலை கலியாணம் பிள்ளை. தெல்லிப்பழைப் பக்கத்துப் பிள்ளை. நல்ல பிள்ளைதான்." பிறகு, சொல்லலாமா விடலாமா என்று தயங்கி, மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "அவள் ஆஸ்பத்திரியிலை பிறந்தவள். நேரம் எழுதியிருக்கு."

நான் தலையாட்டினேன். "நல்லது அம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல இருக்கிறது? நான் இடப்பெயர்வில் பிறந்தவள், என் நேரத்தை யாரும் எழுதவில்லை. அவர் திரும்பவும் என் கையைப் பிடித்தார். இந்தமுறை நான் இழுக்கவில்லை. போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வரும்போது மழை திரும்பவும் பிடித்துவிட்டது. அம்மா வாசலிலேயே நின்றார். முகம் ஒரு மாதிரி மலர்ந்திருந்தது. சித்திரைக்குப் பிறகு அம்மாவை நான் அப்படிக் காணவில்லை. தன் ஒரு சொல்லால்தான் என் வாழ்க்கை போனது என்று நினைத்து, எனக்குத் தெரியாமல் அழுது, எனக்கு முன்னால் சிரித்து, மாதக்கணக்காக அந்த இரவையே கிளறிக்கொண்டிருந்தவர்.

"பிள்ளை, ஓடி வா, ஓடி வா" என்றார். "எனக்கு இப்ப ஞாபகம் வந்திட்டுது. இந்த மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தனான், அப்பிடியே வந்திட்டுது. அந்தப் பள்ளிக்கூடத்திலை ஒராள் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்திச் சுத்தி டைனமோவிலை ரேடியோ கேட்டவர். இரவு ஒன்பதேகாலுக்குத் தொடங்கிற அரை மணித்தியாலச் செய்தி. சனமெல்லாம் சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டு நிண்டது. நான் வாயைச் சேலையாலை பொத்திக்கொண்டு கிடந்தனான், செய்தி முடியட்டும், பேந்து கத்துவம் எண்டு. செய்தி முடிஞ்சு, அவர் ரேடியோவை நிப்பாட்டினாப் பிறகுதான் நீ பிறந்தனி. சத்தியமாப் பிள்ளை. பத்து மணிதான். பெரியம்மா சொன்ன அதே பத்து மணிதான்!"

இடப்பெயர்ந்த காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிளில் செய்தி கேட்டதை ஊரே அறியும். அம்மா பொய் சொல்கிற ஆளில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் சித்திரையிலேயே சொல்லியிருப்பார். பழைய வானப் படங்களைக் கிளறும்போது, எடுத்த நாளில் யாரும் கவனிக்காத ஒரு புள்ளி அகப்படுவதுண்டு. அது ஒன்றே காணும், வேறொன்றும் வேண்டாம், கல்லின் பாதை முழுவதும் திருத்தமாகிவிடும். முப்பது வருடம் கழித்து எனக்கும் அகப்பட்டிருக்கிறது. என் கட்டத்தில் செவ்வாயால் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

அம்மா என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போன் எடன் பிள்ளை. அந்தத் தம்பிக்குச் சொல்லுவம். இப்ப சொன்னாலும் காணுமெல்லோ?"

"ஓம் அம்மா, காணும்" என்றேன். "மழை விடட்டும். சொல்லுவம்."